வாசகர் கேள்விகள்: வாழைப்பழமும் வெப்பமும்

கேள்வி: வெளியே பளிச்சென்று மஞ்சள், உரித்தால் சப்பென்று இருக்கிறது. மருந்து போட்டுப் பழுக்க வைப்பதால்தானே?

பதில்: எல்லாவற்றையும் ‘மருந்து’ கணக்கில் சேர்க்காதீர்கள். வாழைக்காய் பழுக்கும்போது தானே எத்திலீன் வாயுவை வெளிவிடும். முறையான பழுக்க வைக்கும் அறையில் கொடுப்பதும் அதே வாயுதான், காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு, ஏறக்குறைய ஒரு நாள், அவ்வளவே. அதற்குப் பிறகு காய்க்குள் இருக்கும் மாவுச்சத்து தானாகச் சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும். கார்பைடு கல் கதை வேறு. ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலீன் கிளம்பும், அதுவும் காயைப் பழுக்கத் தூண்டும், ஆனால் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். சரி, உங்கள் பழம் ஏன் சப்பென்று இருக்கிறது? பெரும்பாலும் முற்றாத காயை வெட்டியிருப்பார்கள். தோலை மஞ்சளாக்க வாயுவால் முடியும், காயில் சேராத மாவுச்சத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

கேள்வி: தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே குழைந்துவிடுகிறதே?

பதில்: இது வெப்பத்தின் வேலை. தோல் மஞ்சளாக வேண்டுமென்றால் அதிலுள்ள பச்சையம் சிதைய வேண்டும். கேவண்டிஷ் போன்ற ரகங்களில் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அது சரியாக நடக்காது, உள்ளே சதை மட்டும் தன்பாட்டுக்குப் பழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் அறையை 15 முதல் 18 டிகிரிக்குள் வைத்து, தோல் சுருங்காமல் இருக்க ஈரப்பதத்தையும் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம், காய்கள் மூச்சுவிடுவதால் சேரும் கரியமில வாயுவை அவ்வப்போது திறந்து வெளியேற்றவும் வேண்டும், இல்லாவிட்டால் எத்திலீன் கொடுத்தும் பழுப்பது மந்தமாகிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: அப்படியானால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: காயை வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்க்காயம் ஏற்படும். தோல் சாம்பல் பூத்து மங்கும், தோலுக்கு அடியில் பழுப்புக் கோடுகள் விழும், பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. கப்பலில் காயாக அனுப்பும்போதுகூட 13, 14 டிகிரியோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். நன்றாகப் பழுத்ததை மட்டும் வைக்கலாம். தோல் கறுக்கும், பயப்படாதீர்கள், சதை இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும்.