எக்ஸிமை தூக்காம போஸ்ட்ஃபிக்ஸ் போடுறது எப்படி? லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: சார், எங்க ஆபீஸ் டெபியன் லினக்ஸ் சர்வர்ல எக்ஸிம்4ங்கற மெயில் சர்வர் இருக்கு. எனக்கு அதே வேலை செய்யற போஸ்ட்ஃபிக்ஸ்தான் பழக்கம், மாத்தலாம்னு முதல்ல எக்ஸிமை ரிமூவ் பண்ணப் போனா பிஎஸ்டி-மெயில்எக்ஸும் (கமாண்ட் அடிச்சு மெயில் அனுப்பற புரோகிராம்) சேர்ந்து போயிடும்னு காட்டுது, இல்லன்னா கேக்காத வேற ஏதோ ஒரு மெயில் சர்வரை உள்ள இழுக்குது. இன்னொரு தலைவலி, வெளிய வாங்குன ஒரு டெப் ஃபைல் (டெபியன்ல ஏத்தற பேக்கேஜ்) சென்ட்மெயில்ங்கற இன்னொரு மெயில் சர்வர் இருந்தாதான் ஏறுவேன்னு அடம்பிடிக்குது. ஃபோர்ஸ் போட்டு ஏத்திடலாமா?

பதில்: ஃபோர்ஸ் மட்டும் போடாதீங்க, தயவுசெஞ்சு. இப்போதைக்கு ஏறிடும், ஆனா அடுத்த தடவை ஏப்ட் (பேக்கேஜ் ஏத்தி இறக்கற டூல்) ஓட்டும்போதெல்லாம் டிபென்டன்சி, அதாவது தேவைப்படற மத்த பேக்கேஜ், உடைஞ்சிருக்குன்னு நிக்கும், ஃபிக்ஸ்-ப்ரோக்கன் குடுத்தீங்கன்னா நீங்க ஏத்துன அந்த டெப்பையே தூக்குனாலும் தூக்கிடும்.

விஷயம் என்னன்னா, எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில், எம்எஸ்எம்டிபி-எம்டிஏ எல்லாமே யூஎஸ்ஆர்-எஸ்பின் டைரக்டரிக்குள்ள சென்ட்மெயில்ங்கற ஒரே பேர்ல ஒரு கமாண்டை வைக்கும். 1980கள்ல பெர்க்லில எரிக் ஆல்மன் எழுதுன சென்ட்மெயில் யூனிக்ஸ் பூரா பரவுனதால, மெயில் அனுப்பணும்னா அந்த கமாண்டைத்தான் கூப்பிடணும்னு எல்லா புரோகிராமும் பழகிடுச்சு, பின்னாடி வந்தவங்களும் அதே பேரை விடாம வச்சுக்கிட்டாங்க. ஒரே உறையில ரெண்டு கத்தி நிக்காதுல்ல, அதனால டெபியன்ல இவங்க எல்லாரும் மெயில்-ட்ரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்ங்கற (சுருக்கமா எம்டிஏ) ஒரு விர்ச்சுவல் பேக்கேஜை, அதாவது ஃபைல் எதுவும் இல்லாத வெறும் பேரை, ப்ரொவைட்ஸ்லயும் (இதை நான் தர்றேன்) போடுவாங்க, கான்ஃப்ளிக்ட்ஸ்லயும் (இதோட சேர மாட்டேன்) போடுவாங்க, ரிப்ளேஸஸ்லயும் (இதோட இடத்தை நான் எடுத்துக்கறேன்) போடுவாங்க. தான் குடுக்கற பேரோடயே கான்ஃப்ளிக்ட் போட்டா தன்னோடயே மோதாதான்னு கேப்பீங்க, மோதாது, மத்தவங்களோட மட்டும்தான். டெபியன் பாலிசி புத்தகத்துலயே இதுக்கு உதாரணமா மெயில் சர்வரைத்தான் காட்டியிருக்காங்க.

அப்போ உங்க சிக்கல் வரிசையிலதான் இருக்கு. எக்ஸிமை முதல்ல எடுத்தா அந்த இடம் காலி, பிஎஸ்டி-மெயில்எக்ஸுக்கு ஏதாவது ஒரு மெயில் சர்வர் கட்டாயம் வேணும், அதனால ஏப்ட் கைக்கு கிடைச்சதை இழுக்குது. எடுக்கவே வேண்டாம், நேரா ஏப்ட் இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ்னு குடுங்க, ஒரே மூச்சுல இது உள்ள வந்து அது வெளிய போயிடும். முதல்ல சிமுலேட் ஆப்ஷன் (எதையும் மாத்தாம என்ன நடக்கும்னு மட்டும் காட்டும்) போட்டு, நீக்கப்போற லிஸ்ட்ல எக்ஸிம்4 சம்பந்தப்பட்டது மட்டும்தான் இருக்கான்னு பாருங்க, வேற எதாவது பேர் இருந்தா நிறுத்துங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி மெயில்க்யூ கமாண்ட் (இன்னும் போகாம காத்திருக்கற மெயிலை காட்டும்) அடிச்சு பாருங்க, இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் தகும். எக்ஸிம் ஸ்பூல்ல தேங்கிக் கிடக்கற மெயிலை போஸ்ட்ஃபிக்ஸுக்கு படிக்கத் தெரியாது, ரெண்டோட ஃபார்மட்டும் வேற. யாரோ ஒரு கஸ்டமருக்கு போக வேண்டிய பில் அங்கயே சத்தமில்லாம கிடக்கும், யாருக்கும் தெரியாது. எக்ஸிம்4 மைனஸ் க்யூஎஃப்எஃப் குடுத்து க்யூவை காலி பண்ணிட்டு மாத்துங்க. அப்புறமா எக்ஸிமை பர்ஜ் பண்ணும்போது (கான்ஃபிக் ஃபைலோட முழுசா நீக்கறது) டெலிவரி ஆகாத மெயிலை அழிக்கட்டுமான்னு கேட்டா அவசரத்துல யெஸ் தட்டிடாதீங்க.

போஸ்ட்ஃபிக்ஸ் ஏறும்போது எந்த மாதிரி செட்டப்னு கேக்கும், நோ கான்ஃபிகரேஷன் எடுத்தா மெயின்.சிஎஃப்ங்கற கான்ஃபிக் ஃபைலே வராது, சர்வீஸும் ஓடாது. எக்ஸிம்ல ஸ்மார்ட்ஹோஸ்ட் (நம்ம மெயிலை வாங்கி வெளிய அனுப்பற வேற சர்வர்) வச்சிருந்தா அதை இங்க ரிலேஹோஸ்ட்ல போடணும். இடிசில இருக்கற அலியாசஸ் ஃபைல் (யார் பேருக்கு வர்ற மெயில் யாருக்கு போகணும்ங்கற லிஸ்ட்) அதேதான், ஆனா எக்ஸிம் அதை அப்படியே டெக்ஸ்டா படிச்சுக்கும், போஸ்ட்ஃபிக்ஸுக்கு நியூஅலியாசஸ் ஓட்டி டேட்டாபேஸ் ஆக்கிக் குடுக்கணும், இதை விட்டுட்டா ரூட்டுக்கு வர்ற க்ரான் (நேரம் வச்சு தானா ஓடற வேலை) மெயில் உங்ககிட்ட வந்து சேராது.

அந்த டெப் ஃபைல் கதை வேற. எழுதுனவங்க டிபென்ட்ஸ்ல சென்ட்மெயில்னு பேரைச் சொல்லியே போட்டிருக்காங்க, டீஃபால்ட்-எம்டிஏ இல்லன்னா மெயில்-ட்ரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்னு போட்டிருந்தா எந்த சர்வர் இருந்தாலும் ஒத்துக்கும். முதல்ல அவங்களுக்கே எழுதிக் கேளுங்க, ஒரு வரி மாத்துற வேலைதான். அதுவரைக்கும் ஈக்விவ்ஸ்னு ஒரு டூல் இருக்கு, அதை வச்சு சென்ட்மெயிலை ப்ரொவைட்ஸ்ல போட்டு, போஸ்ட்ஃபிக்ஸை டிபென்ட்ஸ்ல போட்டு ஒரு வெத்து பேக்கேஜ் கட்டிக்கங்க. அந்த சாஃப்ட்வேர் வெறும் சென்ட்மெயில் கமாண்டை மட்டும் கூப்பிடுதுன்னா இது போதும், சென்ட்மெயிலோட கான்ஃபிக் ஃபைலையே தேடுதுன்னா ஓடாது, அதை டெஸ்ட் மெஷின்ல பாத்துட்டு செய்ங்க.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸ்ல போஸ்ட்ஃபிக்ஸும் சென்ட்மெயிலும் சண்டை இல்லாம சேர்ந்தே ஏறுதே, எப்படி?

பதில்: அங்க சென்ட்மெயில்ங்கற அந்த கமாண்ட் வெறும் சிம்லிங்க் (வேற ஃபைலை காட்டற குறுக்குவழி), ஆல்டர்நேட்டிவ்ஸ்ங்கற டூல் வழியா எதை வேணும்னாலும் காட்டலாம். ஆல்டர்நேட்டிவ்ஸ் கான்ஃபிக் எம்டிஏன்னு அடிச்சா நம்பர் போட்டு தேர்ந்தெடுக்கலாம். ஆனா மெயில் வர்ற 25ஆம் போர்ட்டை ஒருத்தர்தான் பிடிக்க முடியும், அதனால வேண்டாத சர்வீஸை சிஸ்டம்சிடிஎல்ல ஸ்டாப் பண்ணி டிஸேபிளும் பண்ணுங்க, இல்லன்னா ரீபூட் ஆனதும் எது முந்துதோ அது உக்காந்துக்கும்.