உதவி எப்படிப் போய்ச் சேர வேண்டும்? ஒரு களப்பணியாளரின் பதில்கள்

ஆதரவு குறைந்த குழந்தைகள், இளைஞர்கள், பெண்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். எழுதியவர் யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, அப்பாவின் நினைவாக ஓர் அனாதை இல்லம் கட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. இடம் கூட இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் அப்பாவின் பெயர் நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்தை மனதார மதிக்கிறேன். அதனால்தான் நேராகச் சொல்கிறேன்: இல்லம் கட்டாதீர்கள்.

இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அனாதைகள் இல்லை. சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஐந்தில் நான்கு பேருக்காவது அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். பிறகு ஏன் அங்கே விடுகிறார்கள்? வீட்டில் வருமானம் நின்றிருக்கும், அம்மா படுத்த படுக்கையாகியிருப்பார், பள்ளிச் செலவுக்கு வழி இருக்காது, பிள்ளைக்கு ஊனம் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் புதிதாக ஓர் இல்லம் திறந்தால் அது நிறைந்துவிடும். தேவை இருந்தது என்பதற்கு அது சான்றில்லை. வேறு எந்த உதவியும் கிடைக்காத தாய், கிடைத்த ஒரே உதவிக்காகப் பிள்ளையைப் பிரிகிறாள், அவ்வளவுதான்.

ருமேனியாவில் 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் இருந்தது உலகத்துக்குத் தெரியவந்தது. பின்னர் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், தலைநகர் புக்கரெஸ்ட் இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், பாதிப் பேர் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி மேலாக இருந்தது. ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். இல்லத்தில் சோறும் துணியும் கிடைக்கலாம். ஆனால் பணிநேரம் மாறும்போதெல்லாம் தூக்கும் கையும் மாறுகிறது. அழுதால் யார் வருவார் என்று அந்தக் குழந்தையால் கணிக்க முடியாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இல்லத்தில் வைக்கக் கூடாது என்று, கடும் ஊனம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, ருமேனியா 2004-இல் சட்டமே கொண்டுவந்தது. 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது) வழிகாட்டு நெறிகளும், வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன.

சரி, கையில் இருக்கும் இடத்தையும் பணத்தையும் என்ன செய்யலாம்? பகல்நேரக் குழந்தைக் காப்பகம் தொடங்குங்கள். தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் பெண் வேலைக்குப் போய் வர முடியும், மாலையில் குழந்தை அம்மாவிடமே திரும்பும். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளுக்கு மாத உதவி கொடுக்கலாம். குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு களப்பணியாளரின் ஐந்து வருடச் சம்பளத்தை ஏற்கலாம். அப்பாவின் பெயரை இவற்றில் எதற்கும் வைக்கலாம்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு இல்லத்துக் குழந்தைகளோடு கேக் வெட்டலாம் என்று இருக்கிறோம். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்கள், எவ்வளவு பாசம்!

யாரென்றே தெரியாத ஒருவரைப் பார்த்த நொடியில் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும். வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். தனக்கென்று நிலையான ஆள் இல்லாத பிள்ளைதான் வருகிற எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கிளம்பியதும் இன்னொரு பிரிவு. அடுத்த ஞாயிறு வேறொரு குடும்பம், வேறொரு கேக்.

உங்கள் மகளுக்குக் கொடுக்கும் மனம் வளர வேண்டும் என்றால், அவள் பெயரில் ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்புச் செலவை ஏற்று, விழாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தையின் முகத்தைப் போட்டால்தான் நன்கொடை வருகிறது என்கிறார்கள். அது சரியா?

பணம் வரும், உண்மைதான். ஆனால் அந்தப் படம் திரும்பி வராது. பத்து வயதில் எடுத்த படத்தை இருபது வயதில், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் யாரோ தேடி எடுத்துக் காட்டியதாக ஒரு பெண் என்னிடம் அழுதிருக்கிறாள். "பசியோடு இருந்த இவள்" என்று கீழே எழுதியிருந்தார்களாம். சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உதவி செய்கிறவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? கைகளைக் காட்டுங்கள், பின்னாலிருந்து எடுங்கள், பிள்ளை வரைந்த ஓவியத்தை அந்தப் பிள்ளையின் அனுமதியோடு போடுங்கள். கதையைச் சொன்னால் பெயரையும் ஊரையும் மாற்றுங்கள்.

கேள்வி: நிர்வாகச் செலவு எத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிறுவனம் என்று நம்பலாம்?

அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உட்பட மூன்று அமெரிக்க அமைப்புகளே 2013-இல் நன்கொடையாளர்களுக்குப் பொதுக் கடிதம் எழுதி இதைத்தான் சொன்னன. எங்கள் வேலையில் செலவின் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம். கவுன்சலிங் கொடுப்பவர், நீதிமன்றத்துக்குத் துணை போகிறவர், நள்ளிரவில் போன் எடுப்பவர், இவர்களெல்லாம் வெட்டிச் செலவா?

வேறு சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு களப்பணியாளர் எத்தனை குடும்பங்களைப் பார்க்கிறார்? வேலைக்கு எடுக்கும் முன் ஆட்களின் பின்னணியை எப்படி விசாரிக்கிறீர்கள்? ஊழியர் மேலேயே ஒரு குழந்தை புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போகும்? இங்கிருந்து போன பிள்ளைகள் மூன்று வருடம் கழித்து எங்கே இருக்கிறார்கள்? தணிக்கை செய்த கணக்கைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள். புகார் பற்றிக் கேட்கும்போது முகத்தைக் கவனியுங்கள். "எங்களிடம் அப்படியெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால், அங்கே பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் இல்லத்தில் வளர்ந்தவன். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குப் 18 முடிகிறது, வெளியேற வேண்டும். பகலில் சந்தோஷமாக இருக்கிறேன், இரவில் பயமாக இருக்கிறது.

தம்பி, உன் பயத்தில் தப்பே இல்லை. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் 18 ஆனதும் ஒரே நாளில் தனியாகப் போய்விடுவதில்லை. வேலை போனால் வீட்டுக்கு வருவார்கள், காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் வருவார்கள். உன்னை மட்டும் ஒரு தேதி போட்டு அனுப்புகிறார்கள். அது உன் குறை இல்லை.

இந்த இரண்டு மாதத்தில் முதலில் காகிதங்களை வாங்கு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, படிப்புச் சான்றுகள், தடுப்பூசி, மருத்துவக் குறிப்புகள், எல்லாம் அசலாக உன் கையில் இருக்க வேண்டும். உன்னைப் பற்றிய கோப்பு ஒன்று அங்கே இருக்கும். நீ ஏன் வந்தாய், யார் கொண்டுவந்து விட்டார்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கை உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேள். படிக்கும்போது நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சில வரிகள் வலிக்கும்.

உன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கிவிடு. முதல் சம்பளம் வந்ததும் கடன் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கூட வளர்ந்தவர்களாகவே இருப்பார்கள். இல்லை என்று சொல்ல உனக்கு மனசு வராது, ஏனென்றால் அவர்கள்தான் உன் குடும்பம். மூன்று மாத வாடகைக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிய பிறகே யாருக்கும் கொடுப்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்.

அப்புறம், இரண்டு பெரியவர்களைத் தேர்ந்தெடு. ஓர் ஆசிரியராக இருக்கலாம், பழைய வார்டனாக இருக்கலாம். "நான் மாதம் ஒரு தடவை போன் பண்ணலாமா? நான் பண்ணவில்லை என்றால் நீங்கள் பண்ணுவீர்களா?" என்று நேரடியாகக் கேள். நிறையப் பேர் சரி என்பார்கள், யாரும் தங்களைக் கேட்டதே இல்லை என்று ஆச்சரியப்படுவார்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களை எங்கே சிரமம் என்று கேட்டால், விடுமுறை நாட்களைத்தான் சொல்கிறார்கள். விடுதி மூடியிருக்கும், எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த நாட்களில் எங்கே தங்குவாய் என்பதை முன்கூட்டியே பேசி வை. மறுபடி எனக்கு எழுது.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் கணவர் அடிக்கிறார். "கிளம்பி வந்துவிடு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்க மாட்டேன் என்கிறாள். அவரிடம் நானே பேசிப் பார்க்கலாமா?

அவரிடம் பேசாதீர்கள், அம்மா. நீங்கள் பேசியதற்கான அடி அன்றிரவு அவளுக்கு விழும்.

அவள் கிளம்பாததற்குக் காரணம் இருக்கும். பிரிந்து போகும் நேரமும் அதையொட்டிய மாதங்களும்தான் பல பெண்களுக்கு ஆபத்து அதிகமான காலம். அதை அவள் உடம்பே அறியும். ஆகவே "ஏன் இன்னும் இருக்கிறாய்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "உனக்கு நான் என்ன செய்தால் உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். அவளுடைய சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடுப்பு, இவற்றை ஒரு பையில் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அது போனில் வந்தால் நீங்கள் காவல்துறையைக் கூப்பிட வேண்டும். உதவி எண்ணை அவளுடைய போனில் வேறு பெயரில் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மனப்பாடம் செய்யட்டும். கழுத்தை நெரித்தார், கொன்றுவிடுவேன் என்றார் என்று அவள் எப்போதாவது சொன்னால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அன்றே பெண்கள் உதவி மையத்தோடு பேச வையுங்கள்.

1971-இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி என்ற பெண் திறந்த புகலிடம், வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கான இல்லங்களில் உலகின் முன்னோடிகளில் ஒன்று. பெண்கள் கூடிப் பேச ஓர் இடமாகத்தான் அது தொடங்கியது. அடி வாங்கியவர்கள் பிள்ளைகளோடு வந்து தங்கியதால் புகலிடமாக மாறியது. உங்கள் வீட்டுக் கதவை அவள் எந்த நேரமும் தட்டலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், அதுவே பெரிய காரியம்.

கேள்வி: எங்கள் குழுவில் பணம் சேர்த்து இருபது பெண்களுக்குத் தையல் மெஷின் வாங்கித் தரப்போகிறோம். நல்ல திட்டம்தானே?

அந்த இருபது பேரிடம் கேட்டீர்களா? ஒரே தெருவில் இருபது தையல்காரர்கள் இருந்தால் யார் துணி கொடுப்பார்கள்? பூட்டிக் கிடக்கும் மெஷின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1991-இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு தொடங்கிய சேமிப்புக் குழுக்கள் எனக்குப் பிடித்த முன்மாதிரி. வெளிப்பணம் இல்லை. பெண்கள் வாரம்தோறும் கூடித் தங்கள் சொந்தப் பணத்தைப் போடுவார்கள், அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பார்கள். வருடம் முடிந்ததும் வட்டியோடு பிரித்துக்கொள்வார்கள். இந்த முறை பரவிய இடங்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு போட்டு, மூன்று சாவியையும் மூன்று பெண்களிடம் கொடுப்பது வழக்கம். எந்தத் தொழில் செய்வது என்பதை அவரவரே தீர்மானிக்கிறார்கள். நீங்கள் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கூட்டம் நடக்கும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குக் கொடுங்கள்.

கேள்வி: பழைய துணிகளை அனுப்பலாமா?

முதலில் போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். புது உள்ளாடைகள், சானிட்டரி நாப்கின்கள் எப்போதும் வேண்டும்.

கேள்வி: மாலை வகுப்பில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பையன், "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினால் ஒன்று சொல்வேன்" என்கிறான். என்ன செய்வது?

சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியிருந்தால், உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன். யாரிடம் என்பதை உனக்கும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அவன் பேசும்போது நடுவில் புகுந்து, "இன்னார் தொட்டாரா? அங்கே தொட்டாரா?" என்று நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். அப்படிக் கேட்டால் பின்னால் விசாரணையில் அவன் வார்த்தைக்கே மதிப்பில்லாமல் போகும். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். "சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை" என்ற இரண்டையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதித் தேதி, நேரம் போடுங்கள். அன்றே, நாளைக்கு என்று தள்ளாமல், குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அந்தப் பொறுப்பாளர் மேலேயே சந்தேகம் என்றால் குழந்தைகள் உதவி எண்ணுக்கு நேராகப் போங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்கள் போய் எதுவும் கேட்கக் கூடாது.

கேள்வி: என்னிடம் பணம் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரே பிள்ளை, ஒரே கிழமை, ஒரே நேரம், குறைந்தது ஒரு வருடம். பின்னணி விசாரணை செய்வார்கள், மற்றவர்கள் பார்க்கும்படியான இடத்தில்தான் உட்கார வைப்பார்கள். மனம் கோணாமல் ஒத்துழையுங்கள். முதல் இரண்டு மாதம் அவன் புத்தகத்தைத் திறக்கக்கூட மாட்டான். நீங்கள் மறுபடி வருகிறீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பான். வர முடியாத வாரத்தில் முந்தின நாளே போன் செய்து அவனிடமே சொல்லுங்கள், பொறுப்பாளரிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.