ஓடையில் வந்த மீசைக் குஞ்சு: சாதாக் கெண்டையா, மஹசீரா?

கேள்வி: மேட்டுப்பாளையம் பக்கம் மலையடிவாரத்தில் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறேன். ஓடை பெருகியபோது தண்ணீரோடு விரல் நீளக் குஞ்சுகள் சில வந்துவிட்டன. மீசை இருக்கிறது, செதில் பெரிது. ஒருவர் சாதாக் கெண்டை என்கிறார், இன்னொருவர் மஹசீர் என்கிறார். குட்டையிலேயே வளர்க்கலாமா?

பதில்: இரண்டு பேரும் மீசையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாதாக் கெண்டைக்கும் இரண்டு ஜோடி மீசை, மஹசீருக்கும் இரண்டு ஜோடி மீசை. நிறமும் தண்ணீருக்கும் வயதுக்கும் தக்க மாறும். அதனால் இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் முதுகுத் துடுப்பைப் பாருங்கள். சாதாக் கெண்டைக்கு அது நடு முதுகில் தொடங்கி வால் பக்கம்வரை நீண்டு ஓடும். முன்னால் உள்ள முள்ளின் பின்விளிம்பைத் தடவினால் ரம்பம்போல் பல் தட்டும். மஹசீருக்குத் துடுப்பு குட்டை, முள் வலுவாக இருந்தாலும் வழவழப்பானது. பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் செதிலை எண்ணுங்கள். செவுள் மூடியிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு கோடு போகும். அந்தக் கோட்டில் உள்ள செதில்கள் மஹசீருக்கு 25-ஐ ஒட்டி இருக்கும், சாதாக் கெண்டைக்கு 35-க்கு மேல், ரோகுவுக்கும் கட்லாவுக்கும் 40-ஐ ஒட்டி. 30-ஐ ஒட்டி வந்தால் கர்நாட்டிக் கார்ப்பாக இருக்கலாம். அதுவும் காவிரிப் படுகையின் நாட்டு மீன்தான். ஈரக் கையால் பிடித்து, குஞ்சைத் தண்ணீர் உள்ள வெள்ளைத் தட்டில் விட்டுப் பக்கவாட்டில் படம் எடுத்துவிட்டால், பெரிதாக்கி நிதானமாக எண்ணலாம்.

மஹசீர் என்று தெரிந்தாலும் அது எந்த மஹசீர் என்பதைக் குஞ்சுப் பருவத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் 50 கிலோவைத் தாண்டும் மீன். அதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று 2018-இல்தான் உறுதியானது. அழிவின் விளிம்பில் உள்ள அந்த இனம், பவானி வழியாகக் காவிரியில் சேரும் மோயாற்றில் இன்னும் இருக்கிறது. அதே காவிரியில் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகி, இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. திமிலையும் துடுப்பின் நிறத்தையும் வைத்துப் பிரிப்பது வளர்ந்த மீனில்தான் நடக்கும். எனவே படத்தோடு ஓடையின் பெயர், பிடித்த தேதி, இடம் எல்லாம் எழுதி மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.

வளர்ப்பைப் பொறுத்தவரை, மஹசீரைக் குட்டையில் வைப்பதில் உங்களுக்கு லாபம் இல்லை. ஓடும் தண்ணீரும் நிறைய ஆக்சிஜனும் கேட்கும், மெதுவாகத்தான் வளரும். வந்த ஓரிரு நாளுக்குள் என்றால் அதே ஓடையில், வந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வேறு ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம். பல வாரம் கலந்து கிடந்திருந்தால், குட்டையின் நோய் ஓடைக்குப் போகக் கூடும்; துறையைக் கேட்காமல் விடாதீர்கள்.

சாதாக் கெண்டை என்றால் குட்டையிலேயே இருக்கட்டும், ஓடைப் பக்கம் போகவே கூடாது. அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும் மீன் அது, கரையையும் குடையும். தண்ணீர் வரும் வழி, வெளியேறும் வழி இரண்டிலும் சிறு கண் வலை கட்டுங்கள். எனக்கு உங்கள் குட்டைக்குள் வந்ததைவிட, அடுத்த வெள்ளத்தில் அதிலிருந்து மலை ஓடைக்குள் போகப்போவது பற்றித்தான் கவலை அதிகம். வலையை மழைக்கு முன்பே மாட்டிவிடுங்கள். இலை அடைக்கும், வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.