கம்பனி மூடி முப்பது வருடம். அப்பாவுக்கு நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. 1984 இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர். 1985 முதல் 1991 வரை, வைத்தியசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பொயிலர் திருத்தும் ஒரு சிறிய கம்பனியில் உதவியாளராக இருந்தார். முதல் எட்டு மாதமும் சம்பளம் கையில்தான். ஐந்து மாதங்களுக்கு முன் மெசோதெலியோமா (அஸ்பெஸ்டஸ் தூசியால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள். கம்பனி எப்போதோ மூடிவிட்டது. அப்பாவோ, "வந்த புதிசில வேலை தந்த மனிசன், அவருக்கு எதிரா வழக்குப் போடுறதோ?" என்கிறார். அவர் சிகரெட்டும் பிடித்தவர். வேலை உடுப்புகளை அம்மாதான் தோய்ப்பார். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முதலில் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைக்காமல் அவர் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார். அந்த மனிசனின் பையிலிருந்து ஒரு சதமும் போகாது என்று அவரிடம் சொல்லுங்கள். வேலையாட்களுக்கு வரும் காயம், நோய் எல்லாவற்றுக்கும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 1972 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆகவே காசு தரவேண்டியது, அன்று பிரீமியம் வாங்கிய காப்புறுதிக் கம்பனி.

கம்பனி மூடியது பெரிய தடையும் அல்ல. பழைய காப்புறுதிப் பத்திரங்களைத் தேடிக் கொடுப்பதற்கென்றே 2011 முதல் ஓர் அலுவலகம் இயங்குகிறது. காப்புறுதியாளர் அகப்பட்டால், 2016 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி அவர்மீது நேரடியாகவே வழக்கு வைக்கலாம். முதலாளி, காப்புறுதியாளர் இருவரையுமே கண்டுபிடிக்க முடியாவிட்டால், 2014 ஆம் ஆண்டின் மெசோதெலியோமா சட்டத்தின் கீழ் ஒரு நிதித் திட்டம் இருக்கிறது. காப்புறுதிக் கம்பனிகளிடம் அறவிட்ட பணம் அது. நோய் உறுதியான நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, எல்லாம் இருந்தும் வழக்குகள் எங்கே தடுமாறுகின்றன? ஞாபகத்தில்தான். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய தூசியைப் பற்றிச் சொல்ல அப்பாவை விட்டால் ஆள் இல்லை. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய வாக்குமூலம் எழுதப்பட்டு, கையெழுத்தாக வேண்டும். அடுத்த கீமோவுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நான் வாக்குமூலம் எடுக்கப் போனால் சட்டம் எதுவும் கேட்பதில்லை. பொயிலர் அறை நிலத்துக்குக் கீழேயா, யன்னல் இருந்ததா, குழாயைச் சுற்றியிருந்த பூச்சை யார் உடைத்தது, யார் கூட்டி அள்ளியது, முகமூடி தந்தார்களா, சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். ஒரு பெரியவர், "கோதுமை மா மாதிரிப் பறக்கும் தம்பி, பாணில விழுந்தா ஊதிப்போட்டுச் சாப்பிடுவம்" என்றார். அந்த ஒரு வசனம் பத்துப் பக்க நிபுணர் அறிக்கைக்குச் சமம்.

கையில் வாங்கிய சம்பளத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம், ஆனால் அதைச் சட்டத்தரணியிடம் மறைக்கவும் வேண்டாம். மிச்சக் காலத்துக்கான வேலை விபரத்தை, நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தை வைத்து வரித் திணைக்களத்திடம் எடுக்கலாம். வீட்டுப் பழைய அல்பத்தையும் ஒருக்கால் புரட்டுங்கள். ஊருக்கு அனுப்பவென்று நம்மவர்கள் கம்பனி வானில் சாய்ந்து நின்று படம் எடுத்த காலம் அது. வானின் பக்கத்தில் கம்பனிப் பெயரும் தொலைபேசி இலக்கமும் தெரியும். பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் ஊரில் பெரியம்மா வீட்டில் இருக்கும்.

சிகரெட்? மெசோதெலியோமாவுக்கும் புகைத்தலுக்கும் தொடர்பில்லை. சாதாரண நுரையீரல் புற்றுநோயாக இருந்தால் அது வேறு கதை. எதிர்த்தரப்பு ஊரின் அஸ்பெஸ்டஸ் கூரையையும் இழுக்கக்கூடும். (இலங்கையில் அந்தக் கூரைத்தகட்டுக்கு 2018 முதல் கட்டுப்பாடு என்றார்கள். 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்தது என்று ரஷ்யா தேயிலையை நிறுத்தியது. கட்டுப்பாடு பின்வாங்கப்பட்டது. அந்த அஸ்பெஸ்டஸை விற்பதும் ரஷ்யாதான்.) ஆனால் பிரித்தானியாவின் 2006 ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் இந்த நோய்க்குத் தெளிவான விதி வைத்திருக்கிறது: வேறு இடங்களிலும் தூசி பட்டிருந்தாலும், கவனக்குறைவால் ஆபத்தைக் கூட்டிய ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். "எங்களுக்கு அப்போது தெரியாது" என்று 1985 இல் வேலை வாங்கியவர் சொல்வதும் எடுபடாது. நீலமும் மண்ணிறமுமான அஸ்பெஸ்டஸ் தடைசெய்யப்பட்ட வருடமே அதுதான்.

வழக்குத் தொடர, நோய் தெரிந்ததிலிருந்து மூன்று வருடம் உண்டு. அரச உதவிக்கு அந்த நிம்மதி இல்லை. தொழில்சார் நோய்க்கான வாராந்தக் கொடுப்பனவுக்கு மெசோதெலியோமா என்றால் நூறு வீதப் பாதிப்பு என்றே கணக்கு. ஆனால் பின்னோக்கி மூன்று மாதம்தான் தருவார்கள். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கனவே போய்விட்டது. அது அனுமதியானால் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு மொத்தத் தொகையும் கேட்கலாம், அதற்குப் பன்னிரண்டு மாதம். பிறகு வழக்கில் வெற்றி கிடைத்தால் இவை அதில் கழிக்கப்படும். கழியட்டும், இப்போது கைக்குக் காசு தேவை.

வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்தில் அஸ்பெஸ்டஸுக்கென்று உள்ள தனிப் பட்டியலில் போகும். நோயாளி உயிரோடு இருந்தால் முன்னுரிமை. கட்டணம் பற்றி ஒன்று: சட்டத்தரணி நட்டஈட்டில் 25 வீதம் வெட்டுவேன் என்றால், ஏன் என்று கேளுங்கள். மற்றக் காய வழக்குகளுக்கு 2013 இல் வந்த அந்த முறை மெசோதெலியோமாவுக்குப் பொருந்தாது.

உடுப்புத் தோய்த்த விபரத்தை அம்மாவின் குடும்ப வைத்தியரிடம் (ஜீபி) சொல்லிப் பதிவு செய்துவையுங்கள். நோய் வந்தால் அவருக்கும் தனி உரிமை உண்டு. நோய் இல்லாமல், நுரையீரல் உறையில் வெறும் தழும்பு மட்டும் எக்ஸ்ரேயில் தெரிந்தால் இங்கிலாந்தில் நட்டஈடு இல்லை. ஸ்கொட்லாந்தில் உண்டு.

கடைசியாகச் சொல்வது கஷ்டமான விஷயம், ஆனால் பிறகு தெரிந்தால் இன்னும் கஷ்டம். தொழிலால் வந்த நோய் என்பதால் அப்பாவின் மரணம் கொரோனருக்கு (மரண விசாரணை அதிகாரி) அறிவிக்கப்படும், விசாரணையும் நடக்கும். உயிரோடு இருக்கும்போதே பயொப்சியில் (திசுப் பரிசோதனை) நோய் உறுதியாகியிருந்தால் பிரேத பரிசோதனை இல்லாமல் போகவும் இடமுண்டு. அந்த அறிக்கையின் பிரதி வீட்டில் இருக்கட்டும். அந்த நேரத்தில் உறவினர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், உடலை எப்போது தருவார்கள் என்று கொரோனர் அலுவலகத்தில் கேட்காமல் தகனத்துக்குத் திகதி குறிக்காதீர்கள்.