கேள்வி-பதில்: கணவருக்கு 50 வயது, ஹால் புக்கிங் அவருக்குத் தெரியாமல்

கேள்வி: என் கணவருக்கு இன்னும் இரண்டரை மாதத்தில் 50 வயது முடிகிறது. அவருக்குத் தெரியாமல் ஒரு ஹால் பிடித்து, நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று 60 பேரைக் கூப்பிட்டு அசத்திவிட வேண்டும் என்று ஆசை. ஹால்காரர்கள் அலங்காரம், சாப்பாடு, போட்டோ எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்கிறார்கள். பாதிப் பணத்தை இப்போதே கட்ட வேண்டுமாம், கட்டியது எக்காரணம் கொண்டும் திரும்பக் கிடைக்காதாம், இந்த வாரத்துக்குள் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியாம். கட்டிவிடலாமா? எங்களுடையது ஜாயின்ட் அக்கவுன்ட் வேறு.

பதில்: கட்டலாம், ஆனால் இப்போது சொல்கிறார்களே, அந்த நிபந்தனையில் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது தள்ளுபடி இல்லை, தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி. வேறு எந்த விழாவாக இருந்தாலும் சம்பந்தப்பட்டவரிடமே "அன்னிக்கு ஃப்ரீயா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹால் பிடிப்போம். நீங்கள் கேட்க முடியாது. ஆபீசில் திடீரென்று வெளியூர் அனுப்பலாம், ஜுரம் வரலாம், அவரே உங்களுக்குத் தெரியாமல் எங்காவது போக டிக்கெட் எடுத்து வைத்திருக்கலாம் (சிரிக்காதீர்கள், நடக்கிறது). அதனால்தான் ரகசிய விழாவுக்கு முன்பணம் கட்டுகிறவர் மற்றவர்களை விட அதிக ரிஸ்க் எடுக்கிறார்.

ரத்து செய்வது வேறு, தள்ளிவைப்பது வேறு. பெரும்பாலும் ரசீதில் முதலாவதைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்கும், இரண்டாவதைப் பற்றி ஒன்றும் இருக்காது. நேராகவே கேளுங்கள்: கட்டிய பணம் அப்படியே புதிய தேதிக்குப் போகுமா, எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும், எத்தனை மாதத்துக்குள் புதிய தேதி எடுக்க வேண்டும், அப்போது வாடகை கூடியிருந்தால் அது யார் தலையில்? பணம் அவர்களிடமே இருக்கப்போகிறது என்பதால் திருப்பிக் கொடுக்க மறுக்கிறவர்கள்கூட இதற்குப் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். 10 சதவீதத்தை விட்டுக்கொடுத்தாவது இதை வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலாவது அவர்கள் கையால் ஒரு வரி வரட்டும். முன்பணத்தையும் பாதி என்று ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? தேதியைப் பிடித்துவைக்க இப்போது கொஞ்சம், ஒரு மாதத்துக்கு முன் கொஞ்சம், மீதி கடைசி வாரம் என்று பேசிப் பாருங்கள்.

ஆன்லைனில் புக் செய்தால் சட்டப்படி சில நாளுக்குள் திருப்பிக்கொள்ளலாமே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி 14 நாள் உரிமை இருக்கிறது, ஆனால் அங்கேயும் குறிப்பிட்ட தேதிக்குப் புக் செய்த கேட்டரிங், பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அது கிடையாது. ஆக, நீங்கள் எழுதி வாங்கும் அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.

அடுத்தது நேரம். ஹால் நான்கு மணி நேரத்துக்கு என்றால் கதவு திறந்ததிலிருந்தா, விருந்தினர் வந்ததிலிருந்தா? அலங்காரம் கட்டும் நேரமும் அவிழ்க்கும் நேரமும் அதிலேயே அடங்குமா? சர்ப்ரைஸ் என்றால் அவர் வருவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே 60 பேரும் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், தாமதமாக வரும் ஒருவர் வாசலில் அவரோடு சேர்ந்தே வந்து "அடடா, நீங்களும் வந்துட்டீங்களா" என்று கேட்டால் எல்லாம் போச்சு. அந்த முக்கால் மணியும் வாடகையில்தான் ஓடுகிறது. அவர் டிராஃபிக்கில் மாட்டினால் இன்னும் கொஞ்சம் ஓடும். கூடுதல் மணி நேரத்துக்கு என்ன ரேட் என்று இப்போதே கேட்டுவிடுங்கள், அன்று இரவு கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை.

ஆள் கணக்கில் 60 என்று வாய்விடாதீர்கள். குறைந்தபட்ச எண்ணிக்கைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பார்கள், அதன் பிறகு கூட்டுவது சுலபம், குறைப்பது கஷ்டம். 45 என்று எழுதிவிட்டு, கடைசி எண்ணிக்கையை எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேக்கேஜில் எது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், போட்டோ வேண்டாம் என்று கழற்றினால் எவ்வளவு குறையும் என்பது அப்போதுதான் தெரியும். ஹீலியம் பலூன் இருந்தால் அன்றைக்கே நிரப்பச் சொல்லுங்கள், சாதாரண ரப்பர் பலூன் முந்தின நாள் நிரப்பினால் மறுநாள் மாலை தரையில் கிடக்கும்.

ஜாயின்ட் அக்கவுன்ட் விஷயத்துக்கு வருவோம். பணம் போனதும் அவர் போனுக்கும் மெசேஜ் போகும். தங்கை கார்டில் கட்டிவிட்டு அவளிடம் பணமாகக் கொடுக்கலாம், ஆனால் பிறகு பணம் திரும்பினால் அது தங்கை கார்டுக்குத்தான் போகும், தகராறு வந்தால் வங்கியில் புகார் கொடுக்க வேண்டியவரும் அவளே. ரசீது மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். வீட்டில் இருவரும் ஒரே ஷாப்பிங் அக்கவுன்டைப் பயன்படுத்தினால் ஆர்டர் பட்டியலும் சிபாரிசுகளும் காட்டிக்கொடுத்துவிடும்.

போன் நம்பரில் இன்னும் கவனம். என் மனைவியின் 40-வது பிறந்தநாளுக்கு இதே மாதிரி ரகசியமாக எல்லாம் செய்தேன். அலங்காரக்காரர் படிவத்தில் "மாற்று எண்" என்ற இடத்தில், பழக்க தோஷம், அவள் நம்பரையே எழுதியிருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் நான் குளித்துவிட்டு வருகிறேன், போனை நீட்டுகிறாள்: "உங்களுக்குத்தான். பலூன் நீலமா வெள்ளையான்னு கேக்கறாங்க." வெள்ளை என்று அவளே சொல்லிவிட்டாள்.

இன்னொன்று, எல்லோருக்கும் இந்தத் திடீர் கூட்டம் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் பாதி ரகசியம் போதும்: "அந்த சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு வேண்டும், எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள், எங்கே, யார் யார் என்பதை மறைத்துக்கொள்ளுங்கள். தேதிப் பிரச்சினையும் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கேள்வி: மனைவியின் 60-வது பிறந்தநாளுக்குப் பெயர் பொறித்த கைக்கடிகாரம் வாங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று மாதம் இருக்கிறது. இப்போதே வாங்கி ஒளித்து வைக்கலாமா?

பதில்: ஒளித்து வைக்கலாம், ஆனால் வாரன்ட்டி பெட்டியைத் திறந்த நாளிலிருந்து இல்லை, பில் போட்ட நாளிலிருந்து ஓடும். மாற்றிக்கொள்ளும் காலம் அவர் கையில் கொடுப்பதற்கு முன்பே முடிந்திருக்கும். பெயர் பொறித்துவிட்டால் பெரும்பாலும் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது, பட்டை பெரிதாக இருக்கிறது, டயல் பிடிக்கவில்லை என்றாலும் அதேதான். கடைசி இரண்டு வாரத்தில் வாங்குங்கள், பிறந்தநாள் முடிந்து ஒரு வாரம் வரை மாற்றலாம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், பொறிப்பதை அவர் கட்டிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். என்ன எழுத வேண்டும் என்று அவரையே கேட்கலாம்.