வெடித்த வீடும் விளையாட்டு என்ற சாக்கும்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மைன்கிராஃப்ட், ஜிடிஏ விளையாட்டுகளில் ஒருவரை ஒருவர் ஏமாற்றும் ‘பிராங்க்’ வீடியோக்களைத் தினமும் யூடியூபில் பார்க்கிறான். கெட்ட வார்த்தை எதுவும் என் காதில் விழவில்லை. எல்லாம் பொம்மைப் படம் போலத்தான் இருக்கின்றன. சிலவற்றின் கீழே, குழந்தைகளுக்கான செயலியான யூடியூப் கிட்ஸ் பற்றிய அறிவிப்பும் வருகிறது. ஆனால் சென்ற வாரம், அவனுடைய சித்தி மகள் தன் போனில் மைன்கிராஃப்டில் கட்டி வைத்திருந்த வீட்டை டிஎன்டி என்ற வெடியை வைத்துத் தகர்த்துவிட்டான். அவள் அழுதபோது, “பிராங்க்தானே” என்று சிரித்தான். இவற்றைப் பார்க்க விடலாமா? நல்ல சேனல்களின் பட்டியல் ஒன்று தருவீர்களா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: பட்டியல் தருவதாக இல்லை. இன்று ஒழுங்காக இருக்கும் சேனல் ஆறு மாதம் கழித்து என்ன போடும் என்று அதை நடத்துபவருக்கே தெரியாது என்பது ஒரு காரணம். பட்டியல் கைக்கு வந்ததும் நீங்கள் அந்த வீடியோக்களைப் பார்க்கவே மாட்டீர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். உங்கள் கடிதத்தைப் படித்தால், இதுவரை ஒன்றைக்கூட முதலிலிருந்து முடிவு வரை பார்த்ததாகத் தெரியவில்லை. அடுக்களையிலிருந்து காதில் விழுந்ததையும், கடந்து போகையில் கண்ணில் பட்ட பொம்மையையும், கீழே வந்த ஓர் அறிவிப்பையும் வைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் மூன்றுமே கைகொடுக்காது.

முதலில் பொம்மை. ஜிடிஏ எனப்படும் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 என்பது 2013-இல் வெளிவந்த விளையாட்டு. விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்புகளில், அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி அதை 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது என்றும், ஐரோப்பாவின் பெகி 18 வயது ஆனவர்களுக்கு உரியது என்றும் வகைப்படுத்தியுள்ளன. கொள்ளையும் கொலையும்தான் அதன் கதையே. நம் நாட்டில் பல கேமிங் சேனல்கள், இந்த விளையாட்டுக்குள் ஷின்சான், டோரேமான் உருவங்களை மோட் எனப்படும் கூடுதல் நிரல் வழியாகப் புகுத்தி, அதன் நாயகர்களில் ஒருவரான பிராங்க்ளினோடு சேர்த்து, பேய் வருவதும் வீடு இடிவதும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதுமாகக் கதை பண்ணுகின்றன. தமிழிலும் இவற்றுக்குக் குறைவில்லை. நீங்கள் பார்த்தது ஷின்சானை. ஷின்சான் நின்றுகொண்டிருந்த தெருவைப் பார்க்கவில்லை. அந்த வீடியோக்கள் அனைத்திலும் ரத்தம் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை; பல வெறும் அசட்டுத்தனம்தான். ஆனால் அவற்றில் மூழ்கும் பிள்ளை அடுத்ததாகக் கேட்கப்போவது அந்த விளையாட்டையே என்பதையும், அதை அவனுக்கு வாங்கித் தர முடியாது என்பதையும் இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மைன்கிராஃப்டின் நிலை வேறு. பெகி அதை 7 வயதுக்கும், ஈஎஸ்ஆர்பி 10 வயதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்றது என்கின்றன. பிள்ளைகள் விளையாடக்கூடிய நல்ல விளையாட்டு என்பதே என் கருத்தும். ஆனால் இந்த வயதுக் குறியீடுகள் எல்லாம் நிறுவனம் விற்ற விளையாட்டுக்கு மட்டும் உரியவை. அதற்குள் மற்றவர்கள் செருகிய மோட்களுக்கும், இணையத்தில் சேர்ந்து விளையாடுகிறவர்கள் பேசும் பேச்சுக்கும், அதைப் பதிவு செய்து ஒருவர் வெளியிட்ட வீடியோவுக்கும் அவை பொருந்தா. இணையவழி உரையாடல்களைத் தான் மதிப்பிடவில்லை என்று ஈஎஸ்ஆர்பியே குறிப்பிடுகிறது.

அடுத்து அந்த அறிவிப்பு. சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் 17 கோடி டாலர் செலுத்த கூகுளும் யூடியூபும் ஒப்புக்கொண்டன. அதன் தொடர்ச்சியாக 2020 ஜனவரியிலிருந்து, தன் வீடியோ குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை வெளியிடுபவரே அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. குழந்தைகளுக்கானது என்று அறிவித்தால் நீங்கள் பார்த்த அந்த அறிவிப்பு கீழே வரும்; கருத்துப் பகுதி மூடப்படும். பார்ப்பவரின் விருப்பத்தை வேவு பார்த்துக் காட்டும் விளம்பரங்கள் நிற்கும். அவ்வளவுதான். யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்து, இது உங்கள் பிள்ளைக்கு நல்லது என்று குத்திய முத்திரை அல்ல அது.

யூடியூப் எதையும் தடுப்பதில்லையா என்றால், தடுக்கிறது. கடுமையான உடற்காயம் நேரும் என்று ஒருவரை நம்பவைத்து அச்சுறுத்தும் பிராங்க்குகளையும், சிறுவர்களைக் கடும் மனவேதனைக்கு உள்ளாக்கும் பிராங்க்குகளையும் அனுமதிப்பதில்லை என்று 2019 ஜனவரியில் விதியைத் தெளிவாக்கினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு தம்பதி, தானே மறைந்துவிடும் மையைக் கம்பளத்தில் கொட்டி, அதைச் செய்தது நீதான் என்று தம் வீட்டுப் பையனைத் திட்டி அழவைத்து, அதைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சேனலைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். கண்டனம் எழுந்ததும், எல்லாம் நடிப்பு என்பதே அவர்கள் சொன்ன பதில். பிள்ளைகளில் இருவர் அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பிள்ளைகளைப் புறக்கணித்த குற்றத்துக்காகத் தம்பதிக்கு 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. இந்த அளவுக்குப் போகிறவற்றைத்தான் விதிகள் பிடிக்கும். உங்கள் மகன் பார்க்கும் டிஎன்டி வீடியோக்களில் மிகப் பெரும்பாலானவை எந்த விதியையும் மீறாதவை. ஆகவே அவற்றை எடைபோடும் வேலை உங்களுடையதாகவே இருக்கிறது.

எடைபோட நான் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன்: ஏமாற்றப்படுகிறவர் யார்? மைன்கிராஃப்ட் பிராங்க்கின் கட்டமைப்பு ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. ஒருவர் நாள்கணக்காகக் கல்லும் மரமும் சேர்த்து வீடு கட்டுகிறார். மற்றவர் அவர் இல்லாத நேரத்தில் தரைக்கு அடியில் டிஎன்டியைப் புதைத்து மேலே மிதிபலகை வைக்கிறார், அல்லது கூரையில் எரிகுழம்பை ஊற்றுகிறார், அல்லது பெட்டியிலிருந்த வைரத்தை எடுத்துக்கொண்டு குப்பையை நிரப்புகிறார். உரியவர் வந்து மிதிக்கிறார், அலறுகிறார், ஒளிந்திருந்தவர் சிரிக்கிறார். பெரும்பாலும் இருவரும் ஒரே சேனலின் கூட்டாளிகள். பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அடுத்த வீடியோவில் ஏமாந்தவர் பழிவாங்குவார். பெரியவர்களுக்கு இது நாடகம் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 9 வயதுப் பையனுக்குத் தெரியுமா என்பதை அவனிடமே கேளுங்கள். “அந்த அண்ணனுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?” என்ற ஒரு கேள்வி போதும். அவருக்குத் தெரியவே தெரியாது என்று அவன் சத்தியம் செய்தால், நீங்கள் நாடகமாகப் பார்ப்பதை அவன் நடந்த சம்பவமாகப் பார்க்கிறான் என்று பொருள். சொந்தமாகக் கட்டியதை இழந்தவர் பத்து விநாடி கத்திவிட்டுச் சிரித்துவிடுவார் என்றும் அவன் நம்புகிறான். தங்கை சிரிக்காமல் அழுதது அவனுக்கு உண்மையாகவே புரியாமல் போயிருக்கலாம்.

ஏமாற்றப்படுகிறவர் கூட்டாளியாக இல்லாமல், யாரும் இணையவழி நுழைந்து விளையாடக்கூடிய பொதுச் சர்வரில் அகப்பட்ட முன்பின் அறியாத ஒருவராக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு சிறுவனிடம் நட்பாகப் பேசி, அவன் சேர்த்த பொருளைப் பிடுங்கி, மைக்கில் அவன் கெஞ்சுவதையும் அழுவதையும் பதிவு செய்து வெளியிடுவதே ஒரு வகையாக வளர்ந்திருக்கிறது. ராப்லாக்ஸ் விளையாட்டிலும் இது உண்டு; அங்கே இழப்பது பெற்றோர் காசு கொடுத்து வாங்கிய, ரோபக்ஸ் என்ற விளையாட்டுப் பணமாகவும் இருக்கலாம். தலைப்பிலோ முகப்புப் படத்திலோ ‘அழ வைத்துவிட்டேன்’ என்ற தொனி இருந்தால், அந்தச் சேனலையே மூடிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. அந்த அழுகை உங்கள் மகன் வயதுப் பிள்ளை ஒருவனுடையது. அவனுடைய அனுமதியோ அவன் பெற்றோரின் அனுமதியோ கேட்கப்பட்டிருக்காது. விளையாட்டுக்கு வெளியே, தம்பி விளையாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது, கணக்கையே அழித்துவிட்டதாக மிரட்டுவது போன்றவற்றையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

இவை ஏன் நாளுக்கு நாள் கடுமையாகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. 2020 ஜூலை முதல், 8 நிமிடத்துக்கு மேல் ஓடும் வீடியோவுக்குள் நடுவிலேயே விளம்பரம் செருக யூடியூப் இடம் தருகிறது. ஒரே வீட்டை இரண்டாம் முறை வெடித்தால் யாரும் எட்டு நிமிடம் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். அடுத்த முறை ஊரே வெடித்தாக வேண்டும், அல்லது ஏமாறுகிறவர் இன்னும் உரக்க அழுதாக வேண்டும்.

பிராங்க் என்றாலே தீது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமே அதில் கைதேர்ந்தது. ஹீரோபிரைன் என்ற வெள்ளைக் கண் பேய் விளையாட்டுக்குள் உலவுவதாக 2010-இல் ஒரு வதந்தி கிளம்பியது. அப்படி ஓர் உருவமே விளையாட்டில் இருந்ததில்லை. இருந்தும், புதிய பதிப்புகளின் மாற்றக் குறிப்புகளில் ‘ஹீரோபிரைன் நீக்கப்பட்டது’ என்று மோஜாங் பல முறை எழுதி வந்திருக்கிறது. ஏப்ரல் முதல் நாளில் வேடிக்கைப் பதிப்புகளையும் வெளியிடுகிறது. ஒருவருடைய உழைப்பும் பறிபோகாமல் எல்லோரும் சிரிக்க முடிகிறது. மகன் பார்க்கும் வீடியோக்களிலும் இத்தகையவை இருக்கும். வீட்டுக்குள் நூறு கோழிகளை அடைத்து வைப்பதும், கதவைத் திறந்தால் இன்னொரு கதவு என்று பத்துக் கதவுகளை வரிசையாக வைப்பதும் அந்த இனம். அவற்றை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கே சிரிப்பு வரும்.

செயலியின் அமைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூடியூப் கிட்ஸில் நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் வரும்படி வைக்க வழி உண்டு. அதைச் செய்யாமல், 9 முதல் 12 வயதுக்கான பிரிவைத் திறந்துவிட்டால் கேமிங் வீடியோக்கள் தாமாகவே வரும். இன்னும் ஒன்று: அவன் ஹெட்போன் போட்டுப் பார்ப்பவனாக இருந்தால், இந்த வீடியோக்களுக்கு மட்டுமாவது அதைக் கழற்றச் சொல்லுங்கள். கெட்ட வார்த்தை காதில் விழவில்லை என்பதன் பொருள் அப்போதுதான் தெரியும்.

வீட்டை வெடித்ததற்கு வருகிறேன். பார்ப்பதை அடியோடு நிறுத்துவது தண்டனையாக எளிது. ஆனால் தங்கைக்கு அதனால் வீடு திரும்பி வராது. அவளுடைய உலகத்துக்குள் போய், அவள் சொல்லுகிற இடத்தில், அவள் சொல்லுகிற மாதிரி அவனே கட்டித் தர வேண்டும். கிரியேட்டிவ் முறையில் கணக்கற்ற கற்களை வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் எழுப்புவது செல்லாது. சர்வைவல் முறையில் மரம் வெட்டி, கல் தோண்டிச் சேர்க்கட்டும். அது முடியும் வரை பிராங்க் வீடியோ கிடையாது என்று நீங்கள் சொன்னால் அவனுக்கும் நியாயமாகப் படும். அவள் போனில் அந்த உலகத்தின் அமைப்புகளைத் திறந்தால் டிஎன்டி வெடிப்பதையே நிறுத்திவைக்க ஒரு பொத்தான் உண்டு. அந்த உலகத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. இரண்டையும் அவள் அம்மாவான உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். நகல் இருக்கும் விஷயம் மட்டும் இப்போதைக்கு உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டியதில்லை.