கராஜ் சேலில் கிடைத்த போர்ப் பதக்கம்: உரியவரை எப்படித் தேடுவது?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறோம். ஒரு கராஜ் சேலில் மகனுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான் பெட்டியின் அடியில் ஒரு பழைய பதக்கம் கிடந்தது. வெண்கல நிறம், ஒரு பக்கம் இறக்கை விரித்த பெண் உருவம், வானவில் போன்ற கிழிந்த ரிப்பன். விற்றவருக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியவில்லை. உரிய குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியுமா? அதுவரை நவம்பர் 11, போர் நினைவு நாளன்று மகன் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போகலாமா?

பதில்: முதலில், அதைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய விவரம் அதன் விளிம்பில் மெல்லிய எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அது மழுங்கும். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது முதல் உலகப்போரின் வெற்றிப் பதக்கம். பின்பக்கத்தில் 'நாகரிகத்துக்கான மாபெரும் போர் 1914-1919' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். இது உங்கள் அதிர்ஷ்டம். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைக் கனடா பெயர் பொறிக்காமலே கொடுத்தது. அப்படி ஒன்று தனியாகக் கிடைத்தால் ஆளைத் தேட வழியே இல்லை.

வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டு, போன் கேமராவில் விளிம்பைச் சுற்றிப் படம் எடுங்கள். வரிசையாக ஒரு படை எண், பதவியின் சுருக்கம், பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர், கடைசியில் படைப்பிரிவு என்று இருக்கும். எண் இல்லாமல் பதவியும் பெயரும் மட்டும் இருந்தால் அவர் அதிகாரியாகவோ ராணுவ நர்ஸாகவோ இருந்திருப்பார்.

பெயரைவிட எண்ணை நம்புங்கள். ஸ்மித், பிரவுன் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். வயதை மாற்றிச் சொல்லிச் சேர்ந்த பையன்களும், வேறு பெயரில் சேர்ந்தவர்களும், எழுத்தர் காதில் விழுந்தபடி பெயர் எழுதப்பட்டவர்களும் நிறைய. எண்களையோ படைப்பிரிவு வாரியாகத் தொகுதி தொகுதியாக ஒதுக்கியிருந்தார்கள். அதனால் ஒருவர் எந்தப் பிரிவில் சேர்ந்தார் என்பதைக்கூட எண் காட்டிக்கொடுக்கும்.

அந்த எண்ணோடு கனடா நூலக, ஆவணக் காப்பகம் (Library and Archives Canada) நடத்தும் இணையதளத்தில் முதல் உலகப்போர் பணியாளர் கோப்புகள் பகுதிக்குப் போங்கள். 6 லட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகளை முழுதாக ஸ்கேன் செய்து 2018-இல் முடித்துவிட்டார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை.

கோப்பு திறந்ததும் ஆற அமரப் படியுங்கள். முதல் தாள் படையில் சேரும்போது நிரப்பியது. எங்கே பிறந்தார், என்ன தொழில், நெருங்கிய உறவினர் யார், திருமணம் ஆகிவிட்டதா, அம்மை குத்திக்கொள்ளச் சம்மதமா என்று வரிசையாகக் கேள்விகள். அப்புறம் உயரம், மார்புச் சுற்றளவு, கண்ணின் நிறம், உடம்பிலுள்ள தழும்பு. ஆனால் குடும்பத்தைத் தேடுகிறவருக்குச் சம்பளத் தாள்கள்தான் பொக்கிஷம். சாதாரணச் சிப்பாய்க்கு நாளுக்கு 1 டாலர், களப்படி 10 சதம். அதில் மாதாமாதம் ஒரு பகுதியை அம்மாவுக்கோ மனைவிக்கோ எழுதிவைத்தவர்கள் பலர். அந்தத் தாளில் அவர்களுடைய முகவரி இருக்கும், வீடு மாறினால் புது முகவரியும் எழுதியிருப்பார்கள். போரில் இறந்தவராக இருந்தால், பதக்கத்தையும் தாய்க்கோ மனைவிக்கோ கொடுக்கும் நினைவுச் சிலுவையையும் யாருக்கு அனுப்பினார்கள் என்பதும் தெரியவரும்.

இப்படி ஒரு பதக்கத்தின் விளிம்பிலிருந்து ஒரு மனிதர் முழுசாக வெளிவந்த கதை ஒன்று உண்டு. டொரொண்டோவைச் சேர்ந்த வரலாற்று ஆய்வாளர் சந்தீப் சிங் பிரார், இங்கிலாந்தில் ஒரு அடகுக் கடையிலிருந்து ஒரு வெற்றிப் பதக்கத்தை வாங்கினார். சீக்கியப் பெயர் இருந்ததால் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காரர் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். விளிம்போ கனடாவின் 20-ஆம் பட்டாலியன் என்றது.

அந்தச் சிப்பாயின் பெயர் பக்கம் சிங் (Buckam Singh). பஞ்சாபில் பிறந்து, 1907-இல் சிறுவனாகப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தவர். மறு ஆண்டே, பிறந்த அல்லது குடியுரிமை உள்ள நாட்டிலிருந்து எங்கும் மாறாமல் நேராக வந்தால்தான் அனுமதி என்று கனடா ஒரு விதி போட்டது. இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பலே இல்லை. ஊரிலிருந்த மனைவியை அவரால் அழைத்துக்கொள்ள முடியவில்லை. 1914 ஜூலையில், இந்தியர்களை ஏற்றிவந்த கோமகட்டா மாரு கப்பலை வான்கூவரிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை, 1915 வசந்தத்தில் இவர் ஒன்ராறியோவில் கனடியப் படையில் சேர்ந்தார். 1916-இல் இருமுறை காயப்பட்டார். பிறகு காசநோய் தொற்றி, 1919 ஆகஸ்ட் 27 அன்று கிச்சனர் நகரில் 25 வயதில் இறந்தார். பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அவருடைய கல்லறை, அங்குள்ள மவுண்ட் ஹோப் இடுகாட்டில் இருக்கிறது. இப்போது ஆண்டுதோறும் நவம்பரில் சீக்கியர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஸ்கார்பரோவிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான், மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம்மைப் போல வேறு மண்ணிலிருந்து வந்த ஒருவரின் பெயரை அந்தக் கல்லில் பார்க்கும்போது பள்ளிப் பாடத்தில் கிடைக்காத ஒன்று அவனுக்குப் புரியும்.

சரி, உங்கள் பதக்கத்துக்கு வருவோம். கனடாவிலிருந்து போனவர்களில் ஏறக்குறைய 61,000 பேர் இறந்தார்கள். மீதிப் பெரும்பாலோர் திரும்பிவிட்டதால் உங்கள் ஆளும் ஊர் திரும்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். இறந்தவர் என்றால் முன்னாள் படைவீரர் விவகார அமைச்சின் இணைய நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கும். உறவினர் யாராவது அங்கே படம் ஏற்றியிருந்தால் குடும்பத்தை அணுக அதுவே ஒரு நுனி. திரும்பியவர் என்றால் 1921, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். இரண்டும் அதே காப்பகத்தில் பொதுப் பார்வைக்கு உண்டு. பிள்ளைகளின் பெயர் அதில் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் நாளிதழின் மரண அறிவித்தல்களைத் தேடினால் பேரப்பிள்ளைகள் வரை வந்துவிடலாம்.

உறவினர் என்று யாராவது வந்தால், படத்தைக் காட்டுமுன் தாத்தாவின் ஊர், பாட்டியின் பெயர் இவற்றைக் கேட்டுக் கோப்போடு ஒப்பிடுங்கள். விளிம்பின் படத்தைப் பேஸ்புக்கில் முழுசாகப் போடாதீர்கள், விற்றுக் காசாக்குகிறவர்களும் அங்கே உண்டு. யாருமே கிடைக்காவிட்டால் அவர் ஊர் அருங்காட்சியகத்திடமோ அவருடைய ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகத்திடமோ, கோப்பின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். பதக்கத்தை மட்டும் கொடுத்தால் இன்னொரு பெட்டியின் அடிக்குத்தான் போகும்.

மகன் அதைக் குத்திக்கொள்வது வேண்டாம். தனக்கு வழங்கப்படாத ராணுவப் பதக்கத்தை அணிவது கனடாவின் குற்றவியல் சட்டப்படி குற்றம், சொந்தப் பேரனுக்கும் அதே விதிதான். சட்டையில் பொப்பிப் பூவைக் குத்தட்டும். பதக்கத்தை அமிலம் இல்லாத தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பை தவிர்த்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வையுங்கள். ரிப்பன் கிழிந்திருந்தாலும் மாற்றாதீர்கள், அது அவர் காலத்து ரிப்பனாக இருக்கலாம்.